மலையகக் குளிருல அல்லி பூக்க வைக்கிறது எப்படி? வீட்டுச் சின்னக் குளத்துக்கு முழு வழிகாட்டி

மலையகத்துல அல்லி வளக்க ஆசப்படுற நெறைய பேரு முதல்ல சொல்றது தண்ணியப் பத்தித்தான். வீட்டுக்குப் பின்னால பீலி, அதாவது மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணி ஓடுது, வருஷம் பூரா வத்தாது, அதுக்குக் கீழ ஒரு தொட்டி கட்டி அல்லிய போட்டா போதும்தானேன்னு நெனைப்பாங்க. அப்பிடி போட்டா இல மட்டும் நாலஞ்சு வரும், அதுவும் சின்னச் சின்னதா மஞ்சளடிச்சு, அப்புறம் கெழங்கே அழுகிடும். ஏன்னா அல்லிக்கு ஓடுற தண்ணி ஆகாது, சில்லுன்னு இருக்குற தண்ணி அதவிட ஆகாது. நம்ம பக்கம் தண்ணிக்கு பஞ்சமில்ல, வெயிலுக்குத்தான் பஞ்சம், அதனால இங்க அல்லி வளக்குறதுங்கிறது முழுக்க முழுக்க தண்ணிய அசையாம, கொஞ்சமாவது சூடா வச்சிருக்குற வேலைதான். எடம், தொட்டி, ரகம், ஆழம் எல்லாத்தையும் இத மனசுல வச்சு முடிவு பண்ணுங்க. யாழ்ப்பாணத்துலயோ கொழும்புலயோ இருக்குறவங்க சொல்ற கணக்கு நமக்கு அப்பிடியே சரிவராது.

மொதல்ல உங்க ஊரு எவ்வளவு உயரம்னு பாருங்க

ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சுமாரா ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடும். கண்டி கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 500 மீட்டர், பதுள டவுன் 680 பக்கம், பண்டாரவளையும் ஹட்டனும் 1200க்கு மேல, நுவரெலியா 1868. கண்டியில ராத்திரிக்கு ஃபேன் போட்டுத் தூங்குற ஆளு நுவரெலியாவுக்கு வந்தா கம்பளி தேடுவாரு, அல்லிக்கும் அதே கததான்.

அல்லியில ரெண்டு பெரிய சாதி இருக்கு. ஒண்ணு குளிர் தாங்குற ரகம், கடையில ஹார்டின்னு சொல்வாங்க. இன்னொண்ணு வெப்பநாட்டு ரகம், ட்ராபிகல். கடக்காரங்களுக்கே சில நேரம் எது என்னன்னு தெரியாது, அதனால நீங்களே பாத்து கண்டுபிடிக்கப் பழகிக்கங்க. இலையோட ஓரத்த விரலால தடவிப் பாருங்க, வழுவழுன்னு பல்லு இல்லாம இருந்தா பெரும்பாலும் ஹார்டி. ஓரம் பல்லு பல்லா, நெளிஞ்சு இருந்தா ட்ராபிகல். பூ தண்ணிமேலயே ஒக்காந்திருந்தா ஹார்டி, தண்டு நல்லா தூக்கி அரை அடி மேல நின்னு வாசமும் அடிச்சா ட்ராபிகல். நீலம், ஊதா கலர் வேணும்னா ட்ராபிகல்லதான் தேடணும், ஹார்டியில பெரும்பாலும் வெள்ள, ரோசு, செவப்பு, மஞ்சள், இளஞ்செம்மஞ்சள்தான். கெழங்கப் பாத்தாலும் தெரியும், ஹார்டி இஞ்சி மாதிரி படுத்த வாக்குல வளரும், ட்ராபிகல் உருண்டையா இருக்கும்.

ட்ராபிகலுக்கு தண்ணி 21 டிகிரியாவது இருக்கணும், அதுக்குக் கீழ போனா அது வளர்றத நிறுத்திட்டு கெழங்குக்குள்ள சுருண்டுக்கும். ஹார்டி 15 டிகிரி பக்கம் இருந்தே இல விட ஆரம்பிக்கும். அதனால கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி, பதுளை பக்கம் இருக்குறவங்க ரெண்டையும் வளக்கலாம், கவலையே இல்ல. ஹட்டன், பண்டாரவளை, அப்புத்தளை உயரத்துல ஹார்டிதான் நம்பகமானது, ட்ராபிகல் வச்சா வெயில் காலத்துல மட்டும் பூக்கும். தலவாக்கல, நுவரெலியா, ராகல பக்கம்னா ஹார்டிய தவிர வேற ஒண்ணும் வாங்கி காச கரைக்காதீங்க, மரக்கறிக்குப் போடுற மாதிரி பொலித்தீன் கூடாரம் உங்ககிட்ட இருந்தா அது வேற விஷயம், அதுக்குள்ள ட்ராபிகலும் வரும்.

ஹார்டியில என்ன ரகம்னு கேட்டா, வெயில் கொறஞ்ச எடத்துக்கு ரெண்டு பேரு சொல்லலாம். மஞ்சள்ல குரோமட்டெல்லா, இருண்ட ரோசுல ஜேம்ஸ் பிரைடன். ரெண்டும் பழைய ரகம், ரெண்டுமே மத்த அல்லிய விட கொஞ்சம் நெழல பொறுத்துக்கும். சின்ன பேசினுக்கு ஹெல்வோலான்னு ஒரு குட்டி மஞ்சள் அல்லி இருக்கு, பூ ஒரு பெரிய காசு அகலத்துக்கு மேல கொஞ்சம்தான் இருக்கும், ஒன்றரை அடி அகல பேசின்லயே வாழும். குரோமட்டெல்லாவும் ஹெல்வோலாவும் பிரான்ஸுல லாட்டூர்-மார்லியாக்னு ஒருத்தரு ஒட்டுக்கட்டி எடுத்தது. கலர் கலரா குளிர் தாங்குற அல்லிங்கிறதே அவரு வேலையாலதான் தோட்டங்களுக்கு வந்துச்சு, 1889 பாரிஸ் கண்காட்சியில அவரு காட்டுன பூவெல்லாம் பாத்துட்டுத்தான் ஓவியர் மோனே தன்னோட குளத்துக்கு அதே ஆளுகிட்ட செடி எடுத்தாரு. ஐரோப்பாவுல ஐஸ் உறையுற குளத்துலயே கெடந்து பொழைக்குற செடி, நம்ம நுவரெலியா பனியெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல.

இங்க நீல மானெல் பத்தி ஒரு வார்த்த சொல்லியாகணும், ஏன்னா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. 1986ல நம்ம நாட்டோட தேசியப் பூவா அறிவிச்சது நிம்பேயா நௌச்சாலிங்கிற நம்ம ஊரு அல்லி. அது வெளிறின நீலம், சில எடத்துல வெள்ளயே, இதழும் கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனா ரொம்ப காலமா போஸ்டர்லயும் படத்துலயும் நீல மானெல்னு போட்டுட்டு வந்த, அடர்த்தியான ஊதாவுல நெறைய இதழ் இருக்குறது உண்மையில வெளிநாட்டு அல்லிகளோட கலப்புன்னு பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சு சொல்லியிருக்காங்க. நர்சரியில நீல மானெல்னு கேட்டா இப்பவும் பெரும்பாலும் அந்த ஊதாவத்தான் குடுப்பாங்க. வாங்குறதுல தப்பில்ல, அழகான பூதான், ஆனா அத கொண்டுபோய் ஏதாவது குளத்துலயோ வாவியிலயோ விட்டுராதீங்க, அசல் நம்ம ஊரு அல்லி அங்க ஓரங்கட்டப்பட்டுரும். ரெண்டுமே ட்ராபிகல்ங்கிறதையும் மறந்துறாதீங்க, நானுஓயாவுல நட்டுட்டு பூக்கலன்னு கேக்கக் கூடாது.

எடம்

ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். மலையில இத கணக்குப் போடுறது கொஞ்சம் வேற மாதிரி. நம்ம பக்கம் பெரும்பாலும் காலையில பளிச்சுன்னு இருக்கும், மத்தியானத்துக்கு மேல மப்பு போட்டு, மூணு மணிக்கெல்லாம் மிஸ்டு இறங்கிடும். அதனால மேற்க பாத்த எடத்த விட கெழக்க பாத்த எடம் ரொம்ப மேல். காலம்பற ஏழு ஏழரைக்கு எந்த மூலையில மொதல்ல வெயில் விழுதோ அங்க வையுங்க. வீட்டுக்கு மேற்குப் பக்கம் எடம் எவ்வளவு தாராளமா இருந்தாலும் அங்க வேணாம்.

சவுக்கு மரத்துக்கும் டர்பன்டைன் மரத்துக்கும் கீழ வேணவே வேணாம். நெழல் ஒரு பக்கம், எல விழுந்து விழுந்து தண்ணி தேயிலத் தண்ணி கலருக்குப் போயிரும், அடியில சேந்து அழுகவும் செய்யும். கூரத் தண்ணி சொட்டுற எடமும் ஆகாது, மழைக்கு அந்த சொட்டு விழுற எலையெல்லாம் கிழிஞ்சு போகும்.

இன்னொன்னு, இது பூ சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா மலையில இருக்குறவங்களுக்கு முக்கியம். வீட்டுக்குப் பின்னால மண்ண வெட்டி எடுத்த மேடு இருந்தா அதுக்கு மேல குளம் தோண்டாதீங்க, மேட்டு ஓரத்துலயும் தோண்டாதீங்க. குளம் ஒழுகி தண்ணி மண்ணுக்குள்ள ஊறுனா அந்த மேடு எப்ப சரியும்னு சொல்ல முடியாது. 2014ல மீரியபெத்தயில மண் சரிஞ்சத பாத்த நமக்கு இத விளக்கிச் சொல்லத் தேவையில்ல. சரிவு நெலத்துல இருக்குறவங்களுக்கும், லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல இருந்துக்கிட்டு சொந்தமா தோண்ட நெலம் இல்லாதவங்களுக்கும் தரைக்கு மேல வைக்கிற தொட்டிதான் நல்லது. தோட்டத்துல யார்கிட்டயும் கேட்டு நிக்கவும் வேணாம், வெயில் மாறுனா இடத்தையும் மாத்திக்கலாம்.

தேயில மலைக்குக் கீழ வீடு இருந்தா கானு, அதாவது தண்ணி வடியுற வாய்க்கா, எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க. மருந்தடிச்ச தண்ணியும் உரத் தண்ணியும் மழையோட கான் வழியா வந்து தொட்டிக்குள்ள எறங்கக் கூடாது. புல்லுக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் கலந்தாலே போதும், அல்லி செத்துரும், மீனும் மெதக்கும்.

தொட்டி

கையில கெடைக்கிறது எதுவும் சரிதான், கெணத்துக்கு வைக்கிற சீமெந்து வளையம், பழைய பெரல பாதியா வெட்டுனது, பெரிய பேசின், தண்ணித் தாங்கி, குழி தோண்டி கனமான பொலித்தீனோ நல்ல தறப்பாளோ விரிச்சது. அளவு மட்டும் பாத்துக்கங்க. மூணு அடி அகலம், ஒன்றரை அடி தண்ணி, இது ஒரு நடுத்தர அல்லிக்குப் போதும், கிட்டத்தட்ட 300 லீட்டர் பிடிக்கும். 300 லீட்டர்னா தண்ணி மட்டுமே 300 கிலோ, மாடியிலயோ ஸ்லாப் மேலயோ வைக்கிறவங்க அத யோசிச்சுட்டு வையுங்க.

ஆழத்துக்குப் பேராசைப்படாதீங்க. மூணு அடி ஆழக் குளம் வெட்டுனா அடித்தண்ணி மத்தியான வெயிலுக்கும் சூடாகாது. அதே நேரம் அரை அடி பேசினும் ஆகாது, பகல்ல சூடாகி ராத்திரி பச்சத்தண்ணியா மாறும், செடி அந்த ஏத்த இறக்கத்த தாங்காது. ஒன்றரை அடியில இருந்து ரெண்டு அடிக்குள்ள நிறுத்திக்கங்க.

உள்பக்கம் கருப்பா இருந்தா நல்லது, வெயில இழுத்து வச்சுக்கும், அழுக்கும் பாசியும் கண்ணுக்குத் தெரியாது, பூவும் எடுப்பாத் தெரியும். ஹட்டனுக்கு மேல உள்ளவங்க தொட்டிய நேரா மண்ணுலயோ சீமெந்துத் தரையிலயோ வைக்காம, மீன் கடையில தூக்கிப் போடுற ரெஜிஃபோம் பெட்டிய வெட்டி அடியில ஒரு பலகை மாதிரி விரிச்சு அதுக்கு மேல வையுங்க. பக்கத்த சுத்தியும் வச்சு கட்டலாம், பாக்க அசிங்கமா இருந்தா வெளிய மூங்கில் தட்டியோ கல்லோ அடுக்கி மறைச்சுக்கங்க. காசே செலவில்லாத வேல, ராத்திரிக் குளிருல தண்ணி சீக்கிரம் ஆறாம இருக்க இத விட லேசான வழி இல்ல.

சீமெந்து தொட்டி புதுசா கட்டுனா அவசரப்படாதீங்க. புது சீமெந்துல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்தத் தண்ணியில மீனும் சாகும் செடியும் கருகும். தண்ணி நெறச்சு ஒரு வாரம் விட்டு எறக்குங்க, திரும்ப நெறச்சு எறக்குங்க, மூணு நாலு வாரம் இப்பிடி பண்ணுங்க, நடுவுல ஒரு தடவ வினாகிரி ஊத்தி தேய்ச்சுக் கழுவுனா சீக்கிரம் அடங்கும்.

மேல் விளிம்புக்கு ரெண்டு இஞ்ச் கீழ ஒரு ஓட்ட போட்டு பைப் துண்டு வச்சு வாயில வலை கட்டிருங்க. தென்மேற்கு மழையில ஒரு ராத்திரியில தொட்டி வழிஞ்சு மீனெல்லாம் கானுக்குள்ள போயிரும், இல்லன்னா.

சின்னப் புள்ளைங்க இருக்குற வீடா இருந்தா தண்ணி மட்டத்தோட ஒட்டி ஒரு கம்பி வலைய நல்லா உறுதியா பொருத்துங்க. எல வலை வழியா மேல வந்துரும், பூவும் வரும். கொஞ்சூண்டு தண்ணியே குழந்தைக்கு ஆபத்துதான், இதுல விளையாட்டு வேணாம்.

மண்ணும் சட்டியும்

நர்சரியில பையில விக்கிற மண்ண வாங்கவே வாங்காதீங்க. தும்புத்தூளும் கொம்போஸ்டும் தண்ணிக்குள்ள மெதந்து மேல வரும், மிச்சம் அழுகி நாறும். அல்லிக்கு வேண்டியது கனமான மண்ணு. வயல் சேறு கெடைச்சா அதுதான் முதல் தரம், வெலிமடை, கண்டி பக்கம் உள்ளவங்களுக்கு பிரச்சினை இல்ல. தோட்டப் பக்கம் இருக்குறவங்க மேல் மண்ண எடுத்துட்டு அடியில இருக்குற களிமண் கலந்த மண்ண எடுங்க, கையில பிடிச்சு உருட்டுனா உடையாம உருண்டையா நிக்கணும். வேரு, கல்லு, புல்லு எல்லாம் பொறுக்கிருங்க. தேயிலைக்கு மருந்தடிக்கிற எடத்து மண்ணு வேணாம்.

நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு, தேயிலைக்கு அது பிடிக்கும், அல்லிக்கு அவ்வளவு பிடிக்காது. பிஎச் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவுல இருந்தா அதுக்கு நிம்மதி. அதனால ஒரு சட்டி மண்ணுக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் கலந்து பிசைங்க, தோட்டத்துல மலைக்குப் போடுறதுதான், எல்லா உரக்கடையிலயும் இருக்கு.

சட்டி ஆழமா இருக்குறத விட அகலமா இருக்கணும், பன்னெண்டு பதினாலு இஞ்ச் அகலம், ஏழெட்டு இஞ்ச் உயரம். ஓட்ட இல்லாத சாதாரண பிளாஸ்டிக் பேசினே போதும். கூடை மாதிரி ஓட்ட உள்ளதா இருந்தா உள்ள பழைய பருத்திச் சீலைய விரிச்சுட்டு மண்ண போடுங்க. சட்டி இல்லாம நேரா தொட்டி அடியில மண்ண கொட்டி நடுறவங்களும் இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பிரிச்சு நடுற நேரம் வந்தா முழுத் தொட்டியையும் இறைக்கணும்.

நடுறது

எந்த மாசம்னா, ஹட்டன், நுவரெலியா பக்கம் பெப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் வெயில் கெடைக்கும், அப்ப நட்டா மே மாசத்து மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வேரு புடிச்சிரும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் மழை வடகீழ்ப் பருவத்தோட வரும், அங்க மார்ச்சுல இருந்தே நடலாம், நடு வருஷத்துல வெயிலும் நல்லா கெடைக்கும், காத்துதான் கொஞ்சம் பேய்க்காத்தா அடிக்கும், எல பொரளாம இருக்க காத்து வர்ற பக்கம் ஒரு வேலி கட்டிக்கங்க.

கெழங்க கையில வாங்குனதும் நல்ல தண்ணியில கழுவுங்க. அழுத்திப் பாருங்க, கெட்டியா இருக்குறது நல்லது, மெதுக்குன்னு அமுங்கி நாத்தம் அடிக்கிற பகுதிய கூரான கத்தியால நல்ல வெள்ள சதை தெரியுற வரைக்கும் வெட்டிருங்க. பழைய கருத்த வேரையும் பெரிய எலைகளையும் வெட்டிட்டு, நுனியில சுருண்டு நிக்கிற சின்ன எலைங்கள மட்டும் விடுங்க. பாவம் பாத்து பெரிய எலைய விட்டீங்கன்னா அதுதான் கெழங்கையே மிதக்க வச்சு மண்ணுல இருந்து பிடுங்கும்.

ஹார்டியா இருந்தா சட்டி நடுவுல நடக் கூடாது. கெழங்கோட வெட்டுன பக்கம் சட்டி விளிம்ப ஒட்டி இருக்கணும், வளர்ற நுனி நடுவ பாத்து கொஞ்சம் மேல் தூக்குனாப்புல, பாதி சாய்வா இருக்கணும். அது நாளுக்கு நாள் முன்னால ஊர்ந்து போற செடி, அதுக்கு முன்னால எடம் விடணும். ட்ராபிகலா இருந்தா நடுவுலயே நடலாம், அது நின்ன எடத்துலயேதான் வளரும். ரெண்டுலயும் ஒண்ணு மட்டும் மாறாது, வளர்ற குருத்து மண்ணுக்குள்ள புதையக் கூடாது. மண்ண சுத்தி அமுக்கிட்டு, மேல ஒரு இஞ்ச் மணலோ பொடிக்கல்லோ போடுங்க, குருத்த மூடாம. அந்தக் கல்லு மண்ணு கரையாம பாக்கும், மீன் கிண்டாமயும் பாக்கும்.

தண்ணிக்குள்ள இறக்குறதுக்கு முன்னால சட்டிய நல்லா நனைங்க, குமிழி வர்றது நிக்கட்டும். அப்புறம் ஒரு பக்கம் சாய்ச்சு மெதுவா இறக்குங்க.

மொத மாசம் செங்கல் அடுக்கி சட்டிய மேல தூக்கி வையுங்க, மண்ணுக்கு மேல நாலஞ்சு இஞ்ச் தண்ணி நின்னா போதும். மேல் தண்ணிதான் சூடா இருக்கும், வெளிச்சமும் அங்கதான். எல மேல வந்து விரிஞ்சதும் ஒரு செங்கல எடுங்க, இன்னும் ரெண்டு வாரம் போனா இன்னொண்ண எடுங்க. தண்ணி எவ்வளவோ தண்டும் அவ்வளவு நீளும், ஆனா ஒரே நாள்ல அடிக்கு இறக்குனா அதுக்கு மூச்சு முட்டும். கண்டியில பன்னெண்டு பதினஞ்சு இஞ்ச் வரைக்கும் இறக்கலாம். நுவரெலியாவுல எட்டு இஞ்சோட நிறுத்திருங்க, அதுக்குக் கீழ தண்ணி சூடாகுறதே இல்ல.

தண்ணி

டவுன் குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ரெண்டு நாள் வாளியில வெயில்ல வச்சுட்டு ஊத்துங்க. பீலித்தண்ணியா இருந்தா அதுவும் அப்பிடித்தான், குளோரினுக்காக இல்ல, குளிருக்காக. காலையில பிடிச்சு வச்சு மத்தியானம் ஊத்துனா போதும். பீலியில இருந்து ஹோஸ் இழுத்து தொட்டிக்குள்ள ஓட விடுறதும், அழகுக்கு பவுண்டன் வைக்கிறதும் வேணாம். எல மேல தண்ணி தெறிச்சுக்கிட்டே இருந்தா எல அழுகும்.

நுளம்பும் மீனும்

தேங்கி நிக்கிற தண்ணின்னா டெங்கு பேச்சு வராம இருக்காது. நுளம்பு பெருக்கத்துக்கு எதிரா 2007லயே தனிச் சட்டம் போட்டாச்சு, பிஎச்ஐ மாத்தயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தொட்டியில புழு கண்டா வழக்குப் போடலாம். அதுல நியாயமும் இருக்கு. முட்டை பறக்குற நுளம்பா மாற சூடான ஊர்ல ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும். அதனால தண்ணி நெறச்ச வாரமே மீன் விடணும், அல்லி பூத்ததுக்கு அப்புறம் விடலாம்னு தள்ளிப் போடாதீங்க.

கண்டி, மாத்தளை, பதுளை பக்கம் கப்பி மீன் ஒரு ஆறேழு போதும், அதுவே குட்டி போட்டுப் பெருகிக்கும். மேல போகப் போக கப்பி குளிருல ஒண்ணொண்ணா செத்துப் போகும், அங்க சின்ன கோல்ட் பிஷ் மூணு நாலு விடுங்க, பச்சத்தண்ணியில ஜாலியா இருக்கும். பெருசாயிட்டா மண்ண கிண்ட ஆரம்பிக்கும், அப்ப யாருக்காவது குடுத்துட்டு சின்னத விடுங்க. கொய் மீன் மட்டும் வேணாம், அது அல்லிக் குருத்த கீரை மாதிரி தின்னும். தீனி அள்ளிப் போடாதீங்க, வயிறு நெறஞ்ச மீன் புழுவ சீண்டாது. செடி சட்டி, பழைய டயர், செங்கல் ஓட்டை இதுலயும் தண்ணி நிக்குதான்னு பாத்துக்கங்க, தொட்டிக்குள்ள மீன் இருக்கும், அதுக்குப் பக்கத்துல கெடக்குற மூடியில இருக்காது.

உரம்

அல்லி நல்ல தீனிக்காரன். புது எல பழசவிட சின்னதா வந்தா, மஞ்சளடிச்சா, பூ கொறஞ்சா பசிக்குதுன்னு அர்த்தம். ஆனா உரத்த தண்ணியில தூவக் கூடாது, அல்லிக்கு முன்னால பாசி சாப்ட்டுரும். தேயில உரம் வீட்டுல மிச்சம் இருக்குதுன்னு அத போடுறவங்க இருக்காங்க, அதுல தழைச்சத்துதான் கூட, கொழுந்துக்குச் சரி, பூவுக்குச் சரியில்ல.

நல்ல வழி என்னன்னா, களிமண்ண பிசைஞ்சு எலுமிச்சங்காய் அளவு உருண்டை புடிச்சு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் எலும்புத்தூள் ரெண்டு தேக்கரண்டி வச்சு மூடி நெழல்ல காய வச்சுக்கங்க. வெயில் மாசத்துல நாலு வாரம் அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு உருண்டைய விரலால சட்டி மண்ணுக்குள்ள ஆழமா அமுக்கிருங்க, கெழங்குல படாம விளிம்புப் பக்கமா. பூச்செடிக்கு விக்கிற மெதுவா கரையுற உரமும் சரிதான், கடதாசியில சின்னப் பொட்டலமா மடிச்சு அதே மாதிரி அமுக்கலாம். மழை மாசம், மப்பு மாசம் உரம் வேணாம், வெயில் இல்லாம அது சாப்புடாது.

தண்ணி பச்சை நெறமானா

நட்ட மொத மாசம் தண்ணி பட்டாணி சூப்பு மாதிரி பச்சையாகும். எல்லாருக்கும் ஆகும். பயந்து போய் தண்ணிய மாத்துனா புதுத் தண்ணியோட புதுச் சத்து வந்து திரும்பவும் பச்சையாகும், கூடவே தொட்டியும் குளுந்துரும். விட்டுருங்க. எல விரிஞ்சு மேல்பரப்புல பாதிக்கு மேல மூடுனதும் அதுவா தெளியும். நூல் நூலா வர்ற பாசிய மட்டும் ஒரு கம்புல சுத்தி எடுங்க.

நெழலுக்குன்னு ஆகாயத்தாமரை வாங்கி விடாதீங்க. 1909லயே சட்டம் போட்டு தடுத்த செடி அது, இன்னும் நம்ம குளங்கள விட்டுப் போகல. மலையில இருந்து ஒரு துண்டு ஓடையில விழுந்தா மகாவலி வரைக்கும் போகும்.

பூ

மொட்டு தண்ணிமேல வந்து நாலஞ்சு நாள்ல விரியும். ஹார்டி பூ காலையில ஒம்பது பத்து மணி போல திறந்து பின்னேரம் மூணு நாலுக்கு மூடிக்கும், மூணு நாலு நாள் இப்பிடி திறந்து மூடும். ராத்திரிப் பூக்குற ட்ராபிகலும் இருக்கு, அது பொழுது சாஞ்சதும் திறந்து மறுநாள் காலை வரைக்கும் நிக்கும், வேலைக்குப் போய் இருட்டுனதுக்கு அப்புறம் வீட்டுக்கு வர்ற கண்டிக்காரங்களுக்கு அதுதான் தோது.

மொத நாள் பூவ குனிஞ்சு உள்ள பாருங்க. நடுவுல ஒரு சின்னக் கிண்ணம், அதுல பளபளன்னு தண்ணி மாதிரி ஒண்ணு நிக்கும். சுத்தி இருக்குற மஞ்சள் கேசரம் அப்ப நிமிந்து வெளிப்பக்கமா நிக்கும், அதுல தூள் இருக்காது. வேற பூவுல இருந்து மகரந்தத்தோட வர்ற பூச்சி அந்த வழுக்குல சறுக்கி கிண்ணத்துக்குள்ள விழும், தூள் கழுவுப்பட்டு சூல்முடியில சேரும், சில பூச்சி வெளிய வர முடியாம அங்கயே செத்தும் போகும். ரெண்டாம் நாள் போய் பாத்தீங்கன்னா அந்தத் தண்ணி வத்தியிருக்கும், கேசரம் எல்லாம் உள்பக்கமா வளைஞ்சு கிண்ணத்த மூடி தூள் விட ஆரம்பிச்சிருக்கும். கடைசி நாள் முடிஞ்சதும் தண்டு சுருண்டு பூவ தண்ணிக்குள்ள இழுத்துக்கும். சாமிக்கோ போயாவுக்கோ பூ பறிக்கணும்னா மொத நாள், ரெண்டாம் நாள் பூவ பறிங்க, அதுக்கு மேல பறிச்சா வாடி மூடிக்கும்.

வாடுன பூவையும் மஞ்சளான எலையையும் வாரத்துக்கு ஒரு தடவ கவ்வாத்து பண்ணுங்க. மேல கிள்ளாம கைய உள்ள விட்டு தண்டோட அடியில பிடிச்சு வெட்டணும், பாதித் தண்டு தண்ணிக்குள்ள அழுகுனா நாறும்.

மூணு நாள் மிஸ்டு போட்டா மொட்டு மூடுனபடியே நிக்கும், சில மொட்டு திறக்காமலே தண்ணிக்குள்ள போயிரும். அதுக்கு மருந்தெல்லாம் இல்ல, வெயில் வந்தா அடுத்த மொட்டு திறக்கும்.

தொந்தரவுகள்

எல மேல கருப்புக் கருப்பா அசுவினி மொய்க்கும். மருந்தடிக்காதீங்க, மீன் செத்துரும், சோப்புத் தண்ணியும் வேணாம். எலைய கையால தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சு உதறுனா மீன் வந்து கொத்தித் தின்னும். எல ஓரத்துல முட்டை வடிவத்துல துண்டு துண்டா வெட்டுப்பட்டிருந்தா அது ஒரு அந்துப்பூச்சியோட புழு, வெட்டுன துண்டையே போர்வை மாதிரி போத்திக்கிட்டு எலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், திருப்பிப் பாத்து பொறுக்கிப் போடுங்க. தவள வந்தா வெரட்டாதீங்க. கொக்கும் மீன்கொத்தியும் மீன எடுக்கும், சட்டிக்குப் பக்கத்துல உடைஞ்ச ஓட்டுத் துண்டு ரெண்ட சாய்ச்சு வச்சா மீனுக்கு ஒளிய எடம். காட்டுப்பன்னி வர்ற பக்கமா இருந்தா தரையோட குளம் வேணவே வேணாம், ஒரு ராத்திரியில உருண்டு பொரண்டு சேறாக்கிட்டுப் போயிரும். உயரமான சீமெந்து வளையத்துல அது ஏறாது.

பனியும் மழையும்

டிசம்பர்ல இருந்து பெப்ரவரி நடு வரைக்கும் நுவரெலியாவுல தேயிலக் கொழுந்து கருகுற அளவுக்கு பனி விழும். அப்ப ஹார்டி எலையெல்லாம் சுருங்கி ஒண்ணு ரெண்டுதான் மிஞ்சும். செத்துப் போச்சுன்னு பிடுங்கிப் போடாதீங்க, தூங்குது. உரம் நிறுத்துங்க, மீனுக்கு தீனியும் கொறைங்க. ராத்திரி தெளிஞ்ச வானமா இருந்தா பனி விழ வாய்ப்பு கூட, தொட்டிக்கு மேல ஒரு தறப்பாளையோ பழைய சாக்கையோ போத்தி காலையில எடுங்க.

ட்ராபிகல் வச்சிருக்குற ஹட்டன், பண்டாரவளைக்காரங்க எல உதிர்ந்ததும் கெழங்க எடுத்து கழுவி, ஈர மணல் போட்ட டப்பாவுக்குள்ள வச்சு அடுப்படிப் பக்கம் வைங்க. அடுப்புமேல இல்ல, அந்த அறையில இருந்தா போதும். மார்ச்சுல முளை தெரிஞ்சதும் திரும்ப நடலாம்.

மழை மாசத்துல ஓவர்ப்ளோ பைப்ப இல அடைக்காம பாத்துக்குறது தவிர பெருசா வேல இல்ல.

பிரிச்சு நடுறது

எல தண்ணிமேல படுக்க எடமில்லாம ஒண்ணுக்கு மேல ஒண்ணா எந்திரிச்சு நின்னா, சட்டி வெடிக்கிற மாதிரி இருந்தா பிரிக்கிற நேரம். கண்டியில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, மேல மூணு நாலு வருஷம் கூட தாங்கும். மார்ச் மாசத்துல சட்டிய தூக்கி ஹார்டி கெழங்க எடுத்து, குருத்து இருக்குற நுனியோட சேத்து நாலஞ்சு இஞ்ச் துண்டா வெட்டி புது மண்ணுல நடுங்க. பக்கத்துல சின்னக் குருத்து விட்ட துண்டும் வரும். குருத்தில்லாத பழைய கட்டைய வச்சிருந்து பிரயோசனமில்ல.

ட்ராபிகல்ல சில ரகம் எலையோட நடுவுல, தண்டு சேர்ற எடத்துலயே குட்டிச் செடி விடும். டாபென்னு சொல்ற வெளிர் நீலச் சின்ன அல்லி அப்பிடித்தான், வெயிலும் அதுக்கு நாலு மணி நேரம் கெடைச்சாலே சமாளிக்கும். அந்தக் குட்டிக்கு வேரு தெரிஞ்சதும் சுத்தி ரெண்டு இஞ்ச் எலையோட வெட்டி எடுத்து, சேறு போட்ட சின்னப் பேசின்ல வச்சு மேல ஒரு பொடிக்கல்லால அமுக்கிருங்க, ரெண்டு இஞ்ச் தண்ணி நின்னா போதும், வெயில்ல வைங்க. அந்தப் பேசின்லயும் ரெண்டு கப்பி விட மறந்துறாதீங்க.

மிச்சமான துண்டுகள அக்கம் பக்கத்துல கேக்குறவங்களுக்கு ஈரக் கடதாசியில சுத்தி பொலித்தீன் பைக்குள்ள போட்டுக் குடுங்க, ஒரு வாரம் தாங்கும், பஸ்ஸுல மாத்தளைக்கோ பதுளைக்கோ அனுப்புனாலும் கெடாது. யாருக்கும் வேணாம்னா காய வச்சு எருக்குழியில போடுங்க, ஓடையில மட்டும் வீசாதீங்க.